முத்திரை உடையாத பேராயர்

ரைன் நதி வளைந்து திரும்பும் இடத்தில் மார்க்கென்ஹைம் என்று ஒரு ஊர் இருந்தது. அந்த ஊரில் மற்றவர்களெல்லாம் மூச்சு நின்றால் செத்துப்போனார்கள், பேராயர் மட்டும் முத்திரை உடைந்தால்தான் செத்துப்போனார். அது அந்த ஊர் வழக்கம். உள்ளங்கை அகலத்தில் வெள்ளியில் வார்த்த முத்திரை, அதில் பேராயர் சிம்மாசனத்தில் வீற்றிருப்பார். அது மெழுகில் பதிந்துவிட்டால் ஆணை ஆணைதான், ஆறுகூட ஒரு கணம் நின்று கேட்டுவிட்டுத்தான் ஓடும் என்பார்கள். ஒரு பேராயர் கண்ணை மூடினால் உடலைப் பேராலயத்தில் கிடத்தி, பொற்கொல்லர் வீட்டு இரும்புச் சுத்தியலைக் கொண்டுவந்து, ஊர் பார்க்க முத்திரையை உடைப்பார்கள். அந்த நொடியில் அவர் போட்ட ஆணைகளெல்லாம் செல்லாமல் போகும், அவர் பூட்டிய கதவுகள் திறக்கும், அதன் பிறகுதான் மணி அடிப்பார்கள், அதன் பிறகுதான் அழ விரும்பியவர்கள் அழுவார்கள்.

பேராயர் எபர்வின் ஒரு பிரபுவின் கடைசி மகன். மூத்தவனுக்குக் கோட்டை, நடுவனுக்குக் குதிரைப்படை, மிச்சமிருந்த இவருக்குக் கடவுள் என்று அப்பா பங்கு பிரித்துவிட்டார். ஆனால் கடைசிப் பங்கு வாங்கியவர்தான் முதல் இரண்டையும் விழுங்கினார். பட்டம் ஏற்கும் நாள்வரை அவர் ஒரு பூசைகூட வைத்ததில்லை, போர் மட்டும் வேண்டிய அளவு பார்த்திருந்தார். வந்ததும் ஆற்றின் குறுக்கே சங்கிலி கட்டினார், வந்து போகிற படகெல்லாம் அவருக்குச் சுங்கம் கட்டின. காசில் தன் முகத்தைப் பதித்தார், நீதிமன்றத்தையும் தூக்குமரத்தையும் தன் அரண்மனை வாசலுக்கே கொண்டுவந்தார். ராஜா ஒருவர் செத்துப் புது ராஜாவைத் தேர்ந்தெடுக்கும்போது பிரபுக்களெல்லாம் அவர் முகத்தைத்தான் பார்த்தார்கள், அவர் தலையாட்டிய பக்கம் மகுடம் போனது. பூசை அங்கிக்குள் இரும்புச் சங்கிலிச் சட்டை போட்டிருப்பார். ஆசீர்வதிக்கக் கையைத் தூக்கினால், மண்டியிட்டவர்களுக்கு ஜெபத்துக்கு முன்னால் அந்த இரும்பு உரசும் சத்தம்தான் கேட்கும்.

ஒரு வசந்த காலத்தில் ஊர்க் கைவினைஞர் சங்கங்கள், நகரவாசல் சாவி எங்கள் கையிலும் ஒன்று இருக்கட்டும் என்று கேட்டன. கேட்கத் துணிந்தவன் பொற்கொல்லன் ஹார்ட்மன். கேட்டது அவ்வளவுதான். மறுநாளே அவனை ஆற்றங்கரைச் சிறையான தண்ணீர்க் கோபுரத்தில் அடைத்து, ‘என் சித்தம் மாறும்வரை இவன் எந்த வழியாகவும் இந்தக் கோபுரத்தை விட்டு வெளியேறக் கூடாது’ என்று எழுதி முத்திரை வைத்தார் எபர்வின். அவன் மனைவி கிசெலா தினமும் ரொட்டி சுட்டுக்கொண்டுபோய்க் கதவின் சின்ன ஓட்டை வழியாகக் கொடுத்துவிட்டு, அந்த ஓட்டை வழியாகவே புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தாள். எப்பேர்ப்பட்டவனுக்கும் ஒரு சாவு உண்டு என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே தைரியம். அவள் மட்டுமல்ல, ஊரே அந்த ஒரு நினைப்பில்தான் தூங்கி எழுந்தது.

அதுபோலவே இலையுதிர் காலத்தில், சாப்பாட்டு மேசையில், விலாங்கு மீனை மெல்லும்போதே பேராயர் செத்தார். ஊரில் யாரும் சிரிக்கவில்லை, சிரிப்பை உள்ளேயே வைத்துக்கொண்டு பேராலயத்துக்கு ஓடினார்கள். ஹார்ட்மன் கோபுரத்தில் இருந்ததால் சுத்தியல் உரிமை கிசெலாவுக்கு வந்தது. அவள் வந்தாள், பளிங்கின் மேல் முத்திரை இருந்தது, பக்கத்தில் எபர்வின் மெழுகு நிறத்தில் படுத்திருந்தார். ஒரே அடி, புருஷன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பான். அவள் சுத்தியலைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டாள்.

"கொஞ்சம் பொறும்மா" என்றார் தலைமைக் குரு டீட்ரிக். பேராலயக் குருக்கள் சபையை நடத்துகிறவர், நாக்கில் தேனும் இடுப்பில் சாவிக்கொத்துமாகத் திரிகிறவர். "ராஜா படுத்த படுக்கையா இருக்கார். புது ராஜாவுக்கு நம்ம ஓட்டு போகணும். அதுல ஒரு முத்திரை வெச்சுட்டு அப்புறம் உடைச்சிடலாம். என்ன அவசரம்?"

"என் வீட்டுக்காரர் உள்ள இருக்கார் சாமி."

"அதுக்கும் வழி இருக்கு. முதல் முத்திரை உன் புருஷனோட விடுதலைக்கு. எழுதி, மெழுகு ஊத்தி, உன் கையிலேயே குடுத்துடறேன். நாளைக்கு வர்ற புதுப் பேராயர் ‘யாருடா இவனை விட்டது’ன்னு கேட்டா காட்டறதுக்கு உன்கிட்ட என்ன இருக்கு? உடைஞ்ச வெள்ளியா?"

இங்கேதான் கிசெலா தவறினாள். வேறு ஊர்க்காரியாக இருந்தால் போங்கய்யா நீங்களும் உங்கள் மெழுகும் என்று ஓங்கிப் போட்டிருப்பாள். ஆனால் மார்க்கென்ஹைமில் பிறந்தவர்கள் தொட்டிலில் இருந்தே அந்த முத்திரைக்குப் பயந்து பயந்து, அதைத் தவிர வேறொன்றையும் நம்பத் தெரியாதவர்களாக ஆகிப்போயிருந்தார்கள். முத்திரை இல்லாத விடுதலையை அவர்கள் விடுதலையாகவே நினைத்ததில்லை. அவளும் அந்த ஊர்க்காரிதானே. சுத்தியலைக் கீழே இறக்கினாள். கூடியிருந்தவர்களும் அதுதான் புத்திசாலித்தனம் என்று தலையாட்டினார்கள்.

டீட்ரிக் எழுதினார், மெழுகு ஊற்றினார், சம்பிரதாயம் கெடக்கூடாது என்று பேராயரின் செத்த கையை எடுத்து முத்திரையின் மேல் வைத்தார். அந்தக் கை முத்திரையை மூடிக்கொண்டது. எபர்வின் கண்ணைத் திறக்காமலேயே, "என்ன எழுதியிருக்கு? வாசி" என்றார்.

டீட்ரிக் வாசித்தார். வேறென்ன செய்வார்?

"இது என் சித்தம் இல்லை" என்று சொல்லிவிட்டுப் பேராயர் எழுந்து உட்கார்ந்து, தன் பேராயர் மகுடத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, அரண்மனைக்கு நடந்து போனார். வழக்கப்படி அவர் சாகவில்லை, ஆகவே யாரும் தடுக்கவில்லை. வழி விட்டு மண்டியிட்டார்கள்.

முதல் சில நாட்கள் ஊருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, பிறகு தெரிந்துகொண்டது. அரண்மனையில் அடுப்பு மூட்டுவதை நிறுத்தினார்கள், சன்னல்களைத் திறந்தே வைத்தார்கள், மனுக் கொடுக்க வருகிறவர்கள் காற்று வீசும் பக்கம் பார்த்து நிற்கப் பழகினார்கள். அரண்மனைச் சமையல்காரரும் வைத்தியரும் வேலை போய் வேறு ஊருக்குப் புறப்பட்டார்கள், சாம்பிராணி வியாபாரி மாடி எடுத்துக் கட்டினான். குருக்கள் சபை கூடி, மூச்சு விடுவது ஆட்சிக்கு அவசியமா என்று விவாதித்து, அவசியம் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை என்று கண்டுபிடித்தது. அவர்களுக்கு யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். அண்டை நாட்டுப் பிரபுக்கள் மூக்கில் கைக்குட்டையோடு வந்து, காலில் விழுந்துவிட்டுப் போனார்கள். புது ராஜா அவர் சொன்னபடியே தேர்ந்தெடுக்கப்பட்டான், நன்றி சொல்ல நேரில் வந்து குளிர்ந்த மோதிரத்தை முத்தமிட்டான். தாய்மார்கள் குழந்தைகளுக்கு, பேராயரைப் பார்த்தால் இமைக்காதே, அவர் இமைப்பதில்லை, அவருக்குப் பிடிக்காது என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

"முன்னைக்கு இப்ப எவ்வளவோ பரவால்ல" என்றாள் பக்கத்து வீட்டு ரொட்டிக்கடை ஹெட்விக், கிசெலாவின் முகத்தைப் பார்க்காமல். "தூங்கறதில்ல, சாப்பிடறதில்ல. மனுவுக்கு அன்னிக்கே தீர்ப்பு வந்துருது."

"என்ன தீர்ப்பு வருது அக்கா?"

ஹெட்விக் வாசலைப் பார்த்தாள், சன்னலைப் பார்த்தாள், மாவு பிசைகிற கை நின்றது. "எல்லாத்துக்கும் ஒரே தீர்ப்புதான்" என்று மெதுவாகச் சொன்னாள். அதன் பிறகு அவள் கிசெலா வீட்டுப் பக்கம் வரவேயில்லை.

செத்தும் கொடுத்த சீதக்காதியை நாம் அறிவோம். செத்தும் பிடுங்கிய பேராயரை அந்த ஊர் அறிந்தது. உயிரோடு இருந்தபோதாவது எபர்வினுக்குச் சில பயங்கள் இருந்தன. பெரிய வெள்ளிக்கிழமை வந்தால் மனம் உறுத்தி ஒருவனையாவது அவிழ்த்து விடுவார், இடி இடித்தால் சிலுவை போட்டுக்கொள்வார், நெஞ்சு வலித்தால் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றுவார். இப்போது நெஞ்சே இல்லை, வலி எங்கிருந்து வரும்? தூக்குமரம் ஓயவில்லை. தண்ணீர்க் கோபுரம் நிரம்பி வழிந்தது. எல்லாவற்றையும்விடக் கொடுமை, காத்திருப்பதில் அர்த்தமில்லாமல் போனது. எவனுக்கும் ஒரு சாவு உண்டு என்று சொல்லித் தூங்கிய ஊர், அந்த வார்த்தை கையை விட்டுப் போனதும் தூங்க மறந்தது. கல்யாணம் பேசுவது நின்றது. சத்தமாகத் தும்மக்கூட ஆணை வரட்டும் என்று இருப்பதுபோல ஜனங்கள் நடந்தார்கள். தெருவில் கிசெலா வந்தால் விலகிப் போனார்கள், ஏனென்றால் அந்த ஊரில் முத்திரையை உடைக்க உரிமையுள்ள சுத்தியல் அவள் வீட்டில் இருந்தது, அவளோடு நின்று பேசினால் அதைப் பற்றிப் பேசியதாகிவிடும். அவளும் அதை மாவுப்பானைக்குள் புதைத்து வைத்துவிட்டு, ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் எழுந்து கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

குளிர்காலம் வந்தது. கோபுர ஓட்டை வழியாக அவள் பிடித்துக்கொள்ளும் கை சில்லென்று இருந்தது. கல் சுவர், பனிக்காலம், அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். முந்தின நாள் கொடுத்த ரொட்டி உள்ளே அப்படியே கிடப்பது தெரிந்தது. பசியில்லை போலும் என்று நினைத்துக்கொண்டாள். காவல்காரன் குன்ட்ஸ் அவள் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தான். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

வசந்தம் தொடங்கும்போது பேராயர் அவளை அழைத்தார்.

நீண்ட மண்டபம், எல்லாச் சன்னலும் திறந்து, பனிக்காற்று நேராக உள்ளே வந்துபோனது. எபர்வின் கல் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தார். தோல் வற்றிக் கருத்திருந்தது, அங்கி மட்டும் புதிது. முத்திரை கழுத்துச் சங்கிலியில் தொங்கியது.

"உயிர்ப்புத் திருநாள்ல, ஊர் பார்க்க, உன் சுத்தியலை நீ எங்கிட்ட ஒப்படைக்கணும்" என்றார். "வழக்கப்படி ஒப்படைக்கறவங்க சுத்தியலால முத்திரையை லேசாத் தொட்டு, இனி எனக்கு இதுல உரிமை இல்லைன்னு சத்தியம் பண்ணணும். அதுக்கப்புறம் ரெண்டையும் ஒரே பெட்டியில வெச்சுப் பூட்டிடுவேன்."

கிசெலா மண்டியிட்டிருந்தாள். எங்கிருந்து வந்ததோ, வாயிலிருந்து வார்த்தை வந்துவிட்டது. "ஒப்படைச்சா அவரை விட்டுருவீங்களா ஆண்டகையே?"

"விட முடியாது. விட்டா உனக்குத்தான் நஷ்டம்." அவர் கொஞ்சம் குனிந்தார், இரும்புச் சட்டை உரசியது. "உன் புருஷன் போன இலையுதிர் காலத்துலயே காய்ச்சல்ல செத்துட்டான். ஆனா எந்த வழியாகவும் வெளியேறக் கூடாதுன்னு நான் எழுதியிருக்கேனே. சாவும் ஒரு வழிதானே? அதனால உள்ளயே நிக்கிறான். என்னை மாதிரி. இந்த வெள்ளி முழுசா இருக்கற வரைக்கும் நீ தினமும் போய் அவன் கையைப் பிடிச்சுக்கலாம். உடைச்சா அந்த நொடியே நீ விதவை."

அவளுக்குத் தெரிந்திருந்தது, பனிக்காலம் முழுக்கத் தெரிந்திருந்தது.

பேராயர் குரலை இறக்கினார். அந்தக் குரலில் முதல் தடவையாக ஆணை இல்லை. "நீ நினைக்கலாம், எனக்குப் பயமே இல்லைன்னு. அன்னிக்கு அந்தப் பக்கம் நான் எட்டிப் பார்த்தேன் கிசெலா. வாசல்ல எல்லாரும் நிக்கிறாங்க, நான் அனுப்பி வெச்சவங்க எல்லாரும். திட்டலை, அடிக்க வரலை. சும்மா நிக்கிறாங்க, என்னைப் பார்த்துக்கிட்டே. நான் அங்க போக மாட்டேன். இந்த ஊரே அழிஞ்சாலும் போக மாட்டேன்."

ஒரு மனுஷன் ஒரு வாசலைக் கடக்கப் பயந்ததற்கு ஒரு ஊர் முழுக்கப் பயந்து செத்துக்கொண்டிருக்கிறதே என்று நினைத்தபடி, அங்கிருந்து நேராகக் கோபுரத்துக்கு ஓடினாள்.

குன்ட்ஸ் அவளைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினான். "சொல்லியிருக்கணும் தாயி" என்றான். "வாய் வரல."

ஓட்டைக்கு வெளியே நின்று அவள் கை நீட்டினாள். அந்தப் பக்கத்திலிருந்து குளிர்ந்த கை வந்து பிடித்துக்கொண்டது.

"தெரிஞ்சுபோச்சா?" என்றான் ஹார்ட்மன்.

"ஏங்க சொல்லல?"

"சொன்னா நீ வராம போயிடுவியோன்னு பயம்."

அவள் நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டு அழுதாள். அவன் அழவில்லை, அழ முடியவில்லை என்று பிறகு சொன்னான். கண்ணில் தண்ணீர் இல்லை, உன் ரொட்டியின் மணம்கூடத் தெரியவில்லை, உன் கை சூடு மட்டும் கொஞ்சமாகத் தெரிகிறது, அதுவும் நாளுக்கு நாள் குறைகிறது என்றான். கோபுரத்தில் தன்னைப் போல இன்னும் பலர் சுவரைப் பார்த்தபடி நிற்கிறார்கள், அவர்களுடைய வீட்டாருக்கு இன்னும் தெரியாது என்றான்.

"நான் அதை உடைச்சா..." என்று ஆரம்பித்தவளுக்குத் தொடர முடியவில்லை.

"பயமாத்தான் இருக்கு கிசெலா" என்றான் ஹார்ட்மன். "அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. ஆனா உன் சூடும் தெரியாம போய், நீ யாருன்னே மறந்து, அப்பவும் இங்கயே நிக்கணும்னா அது இன்னும் பயமா இருக்கு. உடைச்சுடு. உடைச்சதும் ஓடி வா. கதவு திறக்குமில்ல, நான் எவ்வளவு தூரம் முடியுதோ அவ்வளவு தூரம் வந்து நிக்கறேன்."

உயிர்ப்புத் திருநாள் காலையில் பேராலயம் நிரம்பியிருந்தது. கல் சிம்மாசனத்தைப் பீடத்துக்கு முன்னால் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். எபர்வின் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி, முத்திரையைச் சிம்மாசனத்தின் கல் கைப்பிடியில் வைத்து, அதன் ஓரத்தை விரல்களால் பிடித்துக்கொண்டார். டீட்ரிக் சத்திய வாசகத்தை முன்னால் சொல்ல, கிசெலா பின்னால் சொல்ல வேண்டும். அவள் கையில் சுத்தியல், பிடி முழுக்க மாவு. அவள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஹெட்விக் தலையைக் குனிந்துகொண்டாள், அவள் தம்பியும் அதே கோபுரத்தில் இருந்தான், அவன் இன்னும் சாப்பிடுகிறான் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

"இனி எனக்கு" என்றார் டீட்ரிக்.

"இனி எனக்கு" என்றாள் கிசெலா. சுத்தியலின் முகத்தை முத்திரையின் மேல் மெதுவாக வைத்தாள். வெள்ளியின் குளிர் சுத்தியல் வழியாக அவள் கை வரை ஏறியது. இன்று மாலையும் போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாமே, இன்னும் ஒரு மாலை, இன்னும் ஒரே ஒரு குளிர்காலம் என்று அவளுக்குள் ஒன்று கெஞ்சியது. போன தடவை தன்னைக் கெடுத்தது இப்படித் தள்ளிப்போட்டதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. சுத்தியலைத் தூக்கினாள்.

எபர்வின் பார்த்துவிட்டார். "வேண்டாம்" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில். காவலர்கள் எல்லோரும் ஈட்டியோடு பக்கத்திலேயே நின்றார்கள். ஆனால் பேராயர் ‘பிடி’ என்று சொல்லவில்லை, கெஞ்சினார். கெஞ்சலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் காவலர்களுக்கு யாரும் ஒருநாளும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்கள் ஆணைக்காகக் காத்துக்கொண்டிருக்கும்போதே அவள் அடித்தாள்.

விரல்களும் வெள்ளியும் சேர்ந்தே நொறுங்கின. எபர்வின் யாரையோ எதிரில் கண்டவர்போல முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினார். கை பாதியிலேயே நின்றது, பிறகு அங்கியும் இரும்புச் சட்டையுமாகச் சிம்மாசனத்திலிருந்து சரிந்து விழுந்தார். யாரும் கத்தவில்லை. இனி யாரிடம் கேட்டுவிட்டுச் சந்தோஷப்படுவது என்று தெரியாமல் ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கிசெலா அதற்கெல்லாம் நிற்கவில்லை. சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடினாள். செருப்புக் கழன்றது, முக்காடு பறந்தது, சந்தைத் தெருவில் விழுந்து எழுந்து ஓடினாள். தூரத்தில் கோபுரக் கதவு தானாகத் திறந்து கிடப்பதும், உயிரோடிருந்த கைதிகள் வெளிச்சத்துக்குக் கண் கூசி வெளியே வருவதும் தெரிந்தது. வாய் ஓயாமல் அவன் பேரைச் சொல்லிக்கொண்டே ஓடினாள்.

அவன் கதவைத் தாண்டியிருந்தான். அதற்கும் அப்பால், கோபுரச் சுவரின் நிழல் முடிந்து வெயில் தொடங்குகிற இடம் வரை வந்திருந்தான். அங்கே அவள் வருகிற தெருவைப் பார்த்து முகத்தை வைத்து விழுந்து கிடந்தான், குன்ட்ஸ் பக்கத்தில் மண்டியிட்டிருந்தான். "வந்துக்கிட்டே இருந்தாரு தாயி" என்றான். "நான் தாங்கறேன்னு சொன்னேன். ‘அவ வரட்டும்’னுட்டாரு."

அவள் உட்கார்ந்து அவன் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். வெயில் பட்டு அவன் கன்னம் சூடாக இருந்தது. பின்னால் ஊர் மெல்ல மெல்லச் சத்தம் போடத் தொடங்கியது, யாரோ மணியை இழுத்தார்கள், யார் யாரோ தங்கள் வீட்டு ஆட்களின் பேரைக் கூப்பிட்டுக்கொண்டு கோபுரத்துக்கு ஓடிவந்தார்கள். இனி எந்தக் காலடிச் சத்தத்துக்கும் அவள் நடுங்க வேண்டியதில்லை, யாருக்காகவும் பயப்பட வேண்டியதில்லை. அது புரிந்த நொடியில்தான் அவள் வாய்விட்டுக் கதறினாள்.